வாசல் காவலரும் புதுக் கம்ப்யூட்டரும்

என் வீட்டுக்காரர் ஆலை வாசலில் காவல் இருந்தவர். அடையாள அட்டைப் படத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்காமல் முதலாளியைக்கூட உள்ளே விட்டதில்லை. ஓய்வு பெற்றதும் அந்தச் சந்தேகம் முழுக்க வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. இப்போது பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த குடும்பப் படங்களை மகள் புதுசுக்கு மாற்றினாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுல எவனாவது எடுத்துட்டா?"

"ஒயருக்குள்ள எவன்பா உட்கார்ந்திருக்கான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

படங்கள் வந்து சேர்ந்ததும், புதுக் கம்ப்யூட்டர் முகங்களை ஆள் ஆளாகப் பிரிக்கத் தொடங்கியது. குழப்பம் வந்தால் இரண்டு முகங்களை அருகருகே வைத்து, ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்டது. இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னைப் போலவே சந்தேகப்படும் ஒரு ஜீவன்! மகளை இடத்தைவிட்டு எழுப்பிவிட்டு, தானே மவுஸைப் பிடித்தார்.

அக்கா, தம்பி, மாப்பிள்ளை என்று எல்லோரையும் சரியாகத்தான் சொன்னார். ஒரு ஜோடி முகத்தை மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு ‘இல்லை’ என்று அழுத்தினார்.

"அப்பா, ரெண்டும் நீங்கதான்!"

"போடி. இவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். யாரு இவன்?"

எட்டிப் பார்த்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்குக் குடுத்த படம் அது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். ஆள் மாறாட்டம் நடந்து இத்தனை வருஷம் ஆச்சு, இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"