எதிர்க்கட்சி மேடம்

வளைகுடாவின் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் அன்று சாரத்தின் மேலிருந்து ஒருவரைத் தூக்கி இறக்கினார்கள். வெயிலில் மயங்கியிருந்தார். குளிர்நீர்த் தொட்டி காலையிலிருந்தே காலி. அவர் கண் திறந்ததும், "யல்லா, ஜல்தி, மேல ஏறுங்க" என்று ஒப்பந்தக் கம்பெனி மேலாளர் கத்தினார். எங்கள் பாதுகாப்பு அதிகாரி மேடம் பதிலுக்குக் கத்தவில்லை. ஏணியின் குறுக்கே போய் நின்றுகொண்டார். "தண்ணீர் வரும்வரை யாரும் ஏறக் கூடாது."

மேடம் மெக்சிகோக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது, குள்ளமான உருவம். சொந்த ஊரில் அவர் அரசியல்வாதி என்பதை மதியச் சாப்பாட்டு வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொல்லியிருந்தார். ஊர் குடித்துவந்த ஊற்றை, ஆளுங்கட்சி கையிலிருந்த நகராட்சி ஒரு குளிர்பானத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டது. அதை எதிர்த்து, சிறிய இடதுசாரிக் கட்சி ஒன்றின் சார்பில் இருமுறை தேர்தலில் நின்றார். இருமுறையும் தோற்றார். பிறகு அந்த வட்டாரத்தில் எவரும் அவருக்கு வேலை தரவில்லை. அப்படித்தான் வளைகுடாவுக்கு வந்தார்.

நடந்ததை அறிக்கையாக எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். நான் பேனாவை எடுக்கத் தயங்கினேன். என் விசா, மனைவியின் விசா, மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே அந்த வேலையை நம்பித்தான். "பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள், போதும்" என்றார் மேடம். பக்கத்தில் நின்ற ஃபோர்மேன், ராமநாதபுரத்துக்காரர், என் முகத்தைப் பார்த்தார்.

"சார், ஒங்களுக்குப் பயமா இருந்தா நான் போடுறேன். எனக்குத் தமிழ்லதான் வரும், பரவாயில்லையா?"

வெட்கத்தோடு போட்டேன். என் பெயருக்குக் கீழே ஃபோர்மேனும் போட்டார்.

பிற்பகலே தண்ணீர் வண்டி வந்தது. எங்கள் இருவரையும் யாரும் தொடவில்லை. மேடத்தின் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மேடம் ஊருக்குப் புறப்படுமுன், நகரத்தின் நஜ்மா பகுதியில் ஒரு நம்மூர்க் கடைக்குத் தேநீர் குடிக்க அழைத்துப் போனேன். மறுபடியும் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னார்.

"தோற்றுவிட்டால்?"

"தோற்பேன் என்றுதான் நினைக்கிறேன். நானும் நிற்காவிட்டால் அவர்களுக்கு எதிரில் ஆளே இருக்காதே."

சொன்னபடியே தோற்றார். அதற்கடுத்த தேர்தலில், நான்காவது முறையாக நின்று, நகரமன்றத்தில் எதிர்க்கட்சியின் ஒரே உறுப்பினரானார். முதல் கூட்டத்தில் ஊற்றைப் பற்றிப் பேச்செடுத்ததும் மைக்கை அணைத்துவிட்டார்களாம். மைக் இல்லாமலே பேசி முடித்ததாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

சைட்டில் அதை ஃபோர்மேனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவங்க ஊருக்குத் தண்ணி வந்துருச்சா சார்?"

"இன்னும் இல்லை."

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எழுந்தார். "அப்ப மேடத்துக்கு டூட்டி இன்னும் முடியலை."