காது டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்

விசாரணை கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று நோயாளிகள் நம்புகிறார்கள். ஒன்றும் தெரியாது என்று டாக்டர்கள் நம்புகிறார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் நான். திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எனக்கு வேலை வேண்டும். நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் என்னைப் போல ஒருத்தியிடம் வழி கேட்டு, நேராகப் போய், லெஃப்டில் திரும்பி, மறுபடி அவளிடமே வந்து நின்றிருப்பீர்கள். ஆகவே நாம் ஏற்கெனவே பழகியவர்கள்தான்.

மாடியில் முட்டி

எங்கள் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் கீழே, எலும்பு டாக்டர் இரண்டாவது மாடியில். அரிப்புக்காரர்கள் இரண்டிரண்டு படியாகத் தாண்டிக்கூட ஏறுவார்கள். அவர்களுக்குப் படியே கிடையாது. லிஃப்ட் உண்டு. ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் என்று அதில் எழுதி ஒட்டியிருக்கிறது.

கலசபாக்கம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். இரண்டு முட்டியும் வீக்கம். படிக்கட்டின் அடியில் நின்று, கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். "மெதுவா ஏறுங்கம்மா, கைப்பிடி இருக்குது" என்று சமாதானம் சொன்னேன். அவர் திரும்பி என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏறிடுவேம்மா. ஏறிப்போயி நின்னா, முட்டி நல்லாத்தான் கீது, ஊட்டுக்குப் போன்னு சொல்லிட மாட்டாரா அந்த டாக்டரு?"

வியாழக்கிழமை

காது மூக்கு தொண்டை டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். அவர் அறை வாசலில் ஸ்டெல்லா சிஸ்டர் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். காது கேட்காதவர்களைக் காதுக்கு வேலை வைத்துக் கூப்பிடுகிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நம்பர் காட்ட ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். அது கை கழுவுவது எப்படி என்று மட்டும் காட்டும்.

முருகேசன் ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். டெஸ்ட் எல்லாம் முடிந்து, காது மிஷினும் வந்து டாக்டர் அலமாரியில் இருந்தது. டாக்டர் பார்த்து மாட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. காலையிலிருந்து அறைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். டாக்டர் கிளம்பிப் போனதும் எழுந்து என்னிடம் வந்தார். மூணு வாட்டி கூப்பிட்டோமே என்றார் ஸ்டெல்லா. நான் அவர் காதருகே போய்க் கத்தி விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. லாட்ஜ் கேட்டில் வேன்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகிறார்கள் என்று லாட்ஜ் ஓனர் கெடு வைத்திருந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வருவதற்குள் காது சரியாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள்.

"கூப்பிட்டா வர்றதுக்கு எனக்கு இன்னா கஷ்டம்மா? அது கேக்கலன்னுதானே இங்க வந்தேன்?"

பட்டினி

வெறும் வயிற்றில் சர்க்கரை டெஸ்ட் என்றால் பத்து மணிக்குள் வர வேண்டும். பத்துக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர், "ரெண்டே ரெண்டு இட்லிதாம்மா" என்பார்கள். இட்லி சாப்பிட்டால் வெறும் வயிறு இல்லை என்று அவர்களுக்குப் புரிய வைப்பது தனி உத்தியோகம்.

ஒருநாள் பதினொன்றரைக்கு ஒரு குருக்கள் வேர்க்க விறுவிறுக்க வந்தார். விடியற்காலையிலிருந்து கோயிலில் முறை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. இப்படி ஒரு அசல் பட்டினி என் சர்வீஸில் வந்ததே இல்லை. ஆனால் லேப் மூடியாயிற்று. "நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க சாமி" என்றேன். நாளைக்கும் எட்டு மணிக்கு அவர் கருவறையில்தான் இருப்பார் என்பது எனக்கும் தெரியும்.

"அண்ணாமலையாரே வந்தாலும் பூஜை முடிஞ்சுதாம்மா வருவார். அவருக்கும் நாளைக்கு வாங்கோன்னுதான் சொல்வேளா?"

கண்டக்டர்

அடுத்த வியாழக்கிழமை நான் உஷாராக இருந்தேன். முருகேசனுக்குப் பக்கத்தில் நன்றாகக் காது கேட்கிற ஆளாகப் பார்த்து உட்கார வைத்தேன். தொண்டை கட்டிப்போன ஒரு பஸ் கண்டக்டர். செங்கம் செங்கம் என்று கத்தியே குரல் போனவர். இவர் பேரைக் கூப்பிட்டால் சொல்லிவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஜன்னலுக்குத் திரும்பினேன்.

கண்டக்டர் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. பேர் வந்ததும் அவர் முழங்கையால் இடித்திருக்கிறார். முருகேசன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். மறுபடி இடி, மறுபடி தள்ளல். நான் போய்ப் பார்த்தபோது டாக்டர் கிளம்பியிருந்தார். முருகேசன் பெஞ்சின் கடைசி விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு எடம் பத்தலன்னு இடிச்சிக்கினே இருந்தாரும்மா. நானும் எவ்ளோதான் நகர்றது?"

பௌர்ணமிக்கு முதல் நாள்

கெடுவுக்கு முன்னால் ஒரே ஒரு வியாழன்தான் மிச்சம். முருகேசன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். இந்தத் தடவையும் தவறினால் நாளைக்கு அந்தக் கேட்டில் வேறு ஆள் நிற்பான். எனக்கு மனசு கேட்கவில்லை. "இதோ வருகிறேன்" என்ற அட்டையை ஜன்னலில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் ஜன்னலில் வரிசை நின்று, வளைந்து, திட்ட ஆரம்பித்தது. திட்டெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்டது. முருகேசனுக்குக் கேட்காதது அன்று ஒருநாள் நல்லதாகப் போயிற்று.

பேர் வந்தது. அவர் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டேன். அந்த அறைக் கதவு சாத்திக்கொண்டபோது எனக்கே பரீட்சை எழுதுகிற படபடப்பு. கொஞ்ச நேரத்தில் காதில் மிஷினோடு வெளியே வந்து அப்படியே நின்றார். தலைக்கு மேலே ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, மறைப்பானேன்.

அதற்குள் ஸ்டெல்லா அடுத்த பேரைக் கூப்பிட்டார். ஒருவரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். பெஞ்சில் எல்லோரும் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முருகேசன் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, லாட்ஜ் ஓனர் அவரிடம் பேசுகிற அதே தோரணையில் சலித்துக்கொண்டார்.

"அந்தம்மா எவ்ளோ நேரமா கூப்பிடுது, ஒருத்தர் காதுலயாவது ஏறுதா பாரும்மா! இன்னா ஜனங்களோ!"

வியாதியை டாக்டர் பார்த்துக்கொள்வார், ஆனால் டாக்டரைப் பார்ப்பதற்குத்தான் நல்ல உடம்பு வேண்டும்.