நல்ல சேதி ஏறாத பக்கம்

கிள்ளானில் ரயில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் மஹ்ஜபீனுக்கு ஷா ஆலம் வருவதற்குள் ஒரு மாதிரி மயக்கம் வந்துவிடும். தூக்கம் இல்லை, விழிப்பும் இல்லை. வெளியே தகரக் கூரையும் மேம்பாலமும் மழை மேகமும் ஓடும். மடியில் கைபேசி, கைபேசியில் அந்தப் பக்கம்.

பக்கம் என்றால் காகிதம் இல்லை. இணையத்தில் கிடக்கிற பக்கம். எங்கேயும் இல்லாதது, எல்லார் கையிலும் இருப்பது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எழுதலாம், அழிக்கலாம். பெயர் சொல்லாமல் வருகிறவருக்கு அந்தப் பக்கமே ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடும். இங்கே ஒரு நரி வந்து நிற்கும், அங்கே ஒரு யானை ஏதோ எழுதிக்கொண்டிருக்கும், இன்னொரு மூலையில் வௌவால் ஒன்று சும்மா படித்துவிட்டுப் போகும். நேற்று நரியாக வந்தவர் இன்று மானாக வருவார். ஒவ்வொன்றும் ஒரு சின்ன வண்ணக் கோடாகக் கண்ணைச் சிமிட்டும். அதைப் பார்த்துக்கொண்டே போனால் ரயில் தண்ணீருக்குள் போகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

அவள் மலேசியாவில், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீனின் மகள். பட்டுக்கும் ஜரிகைக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை கடைசியில் போய்ப் படித்தது நண்டு. சிரிக்காதீர்கள். ஆறு கடலில் சேருகிற இடத்தில், அலையாத்திக் காட்டுச் சேற்றில், ஒரு கை பெரிசும் ஒரு கை சிறிசுமாக ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிற சின்ன நண்டு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள். முழங்கால் சேற்றில் நின்று வாங்கின பட்டம். வாங்கியாயிற்று, வேலை வரவில்லை. பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக விண்ணப்பம் போட்டாள். பாதி இடத்திலிருந்து பதிலே இல்லை. சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் பகுதிநேர வகுப்பு, மிச்ச நேரம் டியூஷன், இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தை அவளும் விஷ்ணுப்ரியாவும் ஆரம்பித்தது பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவில். விஷ்ணுப்ரியா ரசாயனம் படித்தவள், கூடவே ஆய்வு முடித்தவள், அவளும் வேலை தேடிக்கொண்டிருந்தவள். பரிந்துரைக் கடிதத்தைப் பேராசிரியரே நேராக அனுப்ப வேண்டும், நாம் கோத்து அனுப்பினால் குப்பைக்குப் போகும் என்பது அவளுக்கு அடிபட்டுத் தெரிந்தது. விண்ணப்பத்தில் படித்ததை மட்டும் எழுதிப் பாடம் நடத்தினதை எழுதாமல் விட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது மஹ்ஜபீனுக்கு அடிபட்டுத் தெரிந்தது.

"நம்ம ரெண்டு பேருக்கும் பட்ட அடியைச் சேர்த்து எழுதி வச்சா, வர்றவங்க முதுகாவது தப்பிக்கும் லா," என்றாள் விஷ்ணுப்ரியா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

இலையை மடக்குமுன் பக்கம் பிறந்துவிட்டது. செலாயாங்கிலிருந்து ஒருவர் வந்தார், ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒருவர், ஈப்போவிலிருந்து, பினாங்கிலிருந்து. ஆங்கிலத்தில் கொஞ்சம், மலாயில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம் எழுதினார்கள். வேலை தேடுகிற தமிழ்ப் பிள்ளைகள் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வந்து, பக்கம் ஆலமரம் மாதிரி விழுது விட்டது.

ஆனால் அதில் ஒரு கோளாறு. வந்தவர் எல்லாரும் தோற்றதையே எழுதினார்கள். 'போட்டேன், பதில் இல்லை.' 'கூப்பிடவில்லை.' 'கடைசி வரை போய்க் கைநழுவியது.' கிடைத்தது என்று ஒருத்தரும் எழுதவில்லை. யாருக்குமே கிடைக்கவில்லையா என்றால், அப்படியும் இல்லை. நம் சனத்தின் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? நல்ல காரியம் கைக்கு வருமுன் வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும். பெண் பார்க்க வருவதைச் சொல்ல மாட்டோம், வீடு வாங்கப் போவதைச் சொல்ல மாட்டோம், மூன்று மாதம் ஆகாமல் வயிற்றில் இருப்பதைச் சொல்ல மாட்டோம். கைக்கு வந்த பிறகோ, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்று வெட்கம். இப்படி முன்னாலும் சொல்லாமல் பின்னாலும் சொல்லாமல் நல்ல சேதி எல்லாம் வீட்டுக்குள்ளேயே புழுங்கியது. பக்கத்தில் ஏறினதெல்லாம் அழுகை. இது தப்பு. யார் எத்தனை தடவை கண் கண் என்று சொன்னாலும், தப்பு தப்புதான்.

ஒரு நாள் மஹ்ஜபீனுக்கே சேதி வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் கடலோர உயிர்களைப் பற்றிப் பாடம் சொல்ல ஆள் வேண்டும், நேர்காணலுக்கு வரவும் என்று. கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த உம்மா ஜுபைதாவிடம் ஓடிப் போய்ச் சொன்னாள்.

உம்மாவுக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே விரல் உயர்ந்தது. "இந்தா புள்ள, வேலை கையில வர்ற வரைக்கும் ஒரு மூச்சு விடக்கூடாது. அந்த ரசாயனக்காரிகிட்டயும்தான். கண்ணூறு கல்லையும் உடைக்கும்."

வாப்பா கல்லாவிலிருந்து தலையை நீட்டினார். "நல்ல சேலையை உள்ள பூட்டி வச்சுட்டு, கிழிஞ்சதை மட்டும் வெளிய தொங்க விட்டா எவன் கடைக்குள்ள வருவான், ஜுபைதா?"

"நீங்க வியாபாரத்தைப் பாருங்க. வெளிய தொங்க விட்டுத்தான் பாதி சேலை வெளுத்துப் போச்சு."

வாப்பா தலையை இழுத்துக்கொண்டார். மஹ்ஜபீனும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே, சுபாங்கிலிருந்து வீடு திரும்புகிற ரயிலில், பக்கத்தைத் திறந்தாள். மழை ஜன்னலில் கோடு கோடாக இறங்கியது. அடியில் ஓர் ஆமை வந்து எழுதிக்கொண்டிருந்தது. எழுத்து எழுத்தாக, நின்று நின்று. அவள் படித்தாள். அதே பல்கலைக்கழகம். அதே வேலை. 'என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் முழுவதையும் உட்கார்ந்து படித்தேன். நம்மில் ஒருவருக்கும் கிடைத்ததாக இல்லை. எனக்கு மட்டுமா கிடைக்கப் போகிறது? வரவில்லை என்று எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.'

எழுதிவிட்டு ஆமை அங்கேயே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. பிறகு காணவில்லை.

மஹ்ஜபீன் நல்ல பெண்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவள் நெஞ்சுக்குள் முதலில் எட்டிப் பார்த்தது சந்தோஷம். போட்டிக்கு ஓர் ஆள் குறைந்தது. சும்மா இருந்தால் போதும், ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். கிள்ளான் வரும் வரை அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது, ஏதோ ஊசிப்போனதைத் தின்ற மாதிரி வாய் கசந்தது.

மறுநாள் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் விஷ்ணுப்ரியாவைப் பிடித்தாள். பூக்கடைகளுக்கு எதிர்த்தாற்போல் ஒரு கடையில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ சொல்லிவிட்டு, உம்மாவின் பேச்சை மீறி எல்லாவற்றையும் கொட்டினாள். கூப்பிட்டது, ஆமை, ரயில், கசப்பு, எல்லாம்.

விஷ்ணுப்ரியா கோப்பையின் நுரையைப் பார்த்தபடியே இருந்தாள். "ஜபீன், திட்டாத, சரியா?"

"என்னடி?"

"அந்த யுனிவர்சிட்டியிலதான் நான் வேலை செய்றேன். கெமிஸ்ட்ரில. போன செமஸ்டர்ல இருந்து."

"பார்ட் டைம் கிளாஸ்னு சொன்ன?"

"அம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. வேலை நிரந்தரமாகி லெட்டர் வரட்டும்னாங்க. அதுக்கப்புறம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமா போச்சு."

"அலாமாக்! பக்கத்தை ஆரம்பிச்சவளே நீ. உனக்குக் கிடைச்சதை நீயே எழுதலன்னா, நாம கட்டினது வழிகாட்டியா இல்ல தோத்தவங்களைப் புதைக்கிற கபுர்ஸ்தானாடி?"

"நீ மட்டும் பெரிய ஆளா? இன்டர்வியூ வந்து ஒரு வாரமாச்சு, இன்னிக்குத்தானே வாயைத் திறக்கற?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் விஷ்ணுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன்னுடைய நேர்காணலில் நடந்ததைச் சொன்னாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிற மாதிரி ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள், அதுவும் மலாயில். ஆங்கிலத்திலேயே தயார் செய்து போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள், வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்திவிட வேண்டும். வெள்ளைப் பலகையில் எழுத அங்கே இருக்கிற பேனா காய்ந்து கிடக்கும், சொந்தப் பேனா கொண்டு போக வேண்டும். 'உன் ஆய்வு இருக்கட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு நீ என்ன சொல்லிக் கொடுப்பாய்' என்று கேட்பார்கள்.

"இதை வச்சுக்கிட்டு நீ போனா, வேலையையே தூக்கிடலாம்," என்றாள்.

"இதை எழுதினா அந்த ஆமையும் தூக்கிடும்."

விஷ்ணுப்ரியா ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். எழுதுவதா வேண்டாமா என்பது மஹ்ஜபீன் முடிவு செய்ய வேண்டியது.

வீடு திரும்புகிற ரயில் பெட்டாலிங் தாண்டியது. ஆள் குறைவு. குளிர்சாதனக் காற்று, ஈரக் குடை வாசம். கண்ணை மூடினால் சேற்றுக் கரை தெரிந்தது. தண்ணீர் வடிந்த கரையில் ஆயிரம் நண்டு, ஒவ்வொன்றும் பெரிய கையைத் தூக்கி ஆட்டுகிறது, இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று. கையை ஆட்டினால் கொக்கு பார்த்துவிடும். ஆட்டாவிட்டால் கூட்டத்துக்கு அது இருப்பதே தெரியாது. நண்டு ஆட்டுகிறது.

அவள் பக்கத்தைத் திறந்தாள். மிருகப் பெயர் வேண்டாம் என்று தன் பெயரைப் போட்டாள். ஆமையின் வரிக்குக் கீழே எழுதினாள்: 'நான் மஹ்ஜபீன். கிள்ளான். அதே வேலைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்மில் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், எழுதவில்லை, அவ்வளவுதான். தயவுசெய்து வாருங்கள். அங்கே கேட்கப் போவது இது.' விஷ்ணுப்ரியா சொன்னது ஒன்றையும் விடாமல் எழுதினாள். பேனாவைக்கூட விடவில்லை.

பக்கத்தில் ஒரு கோடு வந்து நின்றது. இந்தத் தடவை அது ஒரு வாத்து. ஒன்றும் எழுதவில்லை. அவள் கோடும் அந்தக் கோடும் அருகருகே, ஷா ஆலம் வரை, சிமிட்டிக்கொண்டே வந்தன. அதற்கும் கீழே விஷ்ணுப்ரியா தன் பெயரோடு வந்தாள்: 'எனக்குக் கிடைத்தது. போன செமஸ்டர். மன்னிக்கவும்.'

வீட்டில் உம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். மிளகாயும் உப்பும் எடுத்து மகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி அடித்து எல்லாரும் தும்மினார்கள். "பார்த்தியா, நெடி அடிக்குது. கண்ணூறு இருந்தா நெடி அடிக்காதும்பாங்க," என்று வாப்பா வாயைக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நேர்காணல் அன்று காத்திருக்கிற அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். எதிரில் ஒருவர் கழுத்துப் பட்டையை ஆயிரம் தடவை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் வெள்ளைப் பலகைப் பேனா, அதுவும் நான்கு நிறத்தில். மஹ்ஜபீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்கதானே ஆமை?" என்றாள்.

அவர் திடுக்கிட்டார். "என்னது, ஆமையா?"

"பக்கத்துல அன்னிக்கு உங்களை ஆமைனுதான் காட்டுச்சு. அப்புறம் வாத்து."

"வர்றவங்களுக்கு அப்படியா தெரியும்? எனக்கு என் மிருகம் தெரியாதே!" என்றார் அவர். பிறகுதான் பிடிபட்டது. எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க மஹ்ஜபீன் சிஸ்டரா? நான் பாலன், ஸ்ரீ கெம்பாங்கான். உங்களாலதான் வந்தேன்."

"வந்துட்டீங்க, சரி. நல்லா பண்ணிடாதீங்க," என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பில் பாதி நிஜம்.

அவள் உள்ளே போய் மலாயில் நண்டுப் பாடம் நடத்தினாள். பலகையில் ஒரு நண்டு வரைந்தாள். மணி அடித்தபோது அதன் பெரிய கை பாதி வரைந்தபடி நின்றது. நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்து ஒரு பெண் பேராசிரியர் சிரித்தது அவளுக்கு நினைவிருக்கிறது, மற்றதெல்லாம் பனிமூட்டம் மாதிரி.

பிறகு சில வாரங்கள் ஓடின. ஒரு சாயங்காலம் கடையில், உம்மா சேலையை உதறிக் கொடுக்க இவள் மடித்துக்கொண்டிருந்தபோது, கைபேசி ஒளிர்ந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து இல்லை. பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். 'பாலன், ஸ்ரீ கெம்பாங்கான். எனக்குக் கிடைத்தது. கடிதம் இன்று காலை வந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.' கீழே பத்தி பத்தியாக என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், எங்கே தடுமாறினேன் என்று எல்லாம்.

மஹ்ஜபீன் கையிலிருந்த சேலை மடிப்புக் குலைந்தது. அவள் உட்கார்ந்தாள். அழுதாள், கடைக்கு வந்த வாடிக்கைக்காரம்மா தண்ணீர் வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு.

"எழுதாம இருந்திருந்தா அந்த நாற்காலில இன்னிக்கு எம் மவ உக்காந்திருப்பா," என்றாள் உம்மா. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். இருந்திருப்பாளா, மாட்டாளா, அது ஆண்டவனுக்குத் தெரியும். பாலனும் முழங்கால் சேற்றில் நின்று படித்தவர்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மஹ்ஜபீன் கைபேசியை எடுத்தாள். 'மஹ்ஜபீன். போனேன். கிடைக்கவில்லை' என்று எழுதினாள். தன்னிடம் என்ன கேட்டார்கள் என்று எழுத ஆரம்பித்தாள். உம்மா பின்னால் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தமிழ் வரிகளை உதடசைத்துப் படித்தாள். செலாயாங்கில் ஒரு பெண், போன வருஷம் கிடைத்தது, இப்போதுதான் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். அதற்கு மேலே இன்னொருவர். அதற்கும் மேலே இன்னொருவர்.

"இவ்வளவு பேருக்குக் கிடைச்சிருக்கா?"

"ஆமா உம்மா."

உம்மா இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு அதட்டினாள். "நல்ல சேதியை இப்படி மொட்டையாவா போட்டு வைப்பீங்க, படிச்ச பிள்ளைங்க? அந்தப் பையன் பேரு பக்கத்துல மாஷா அல்லாஹ்னு போடு. போட்டாத்தான் கண்ணு படாது. அந்தப் பொண்ணுக்கும் போடு."

மஹ்ஜபீன் போட்டாள். பாலனுக்கு, செலாயாங்காரிக்கு, விஷ்ணுப்ரியாவுக்கு. அவள் போட்டுக்கொண்டு வருகையிலேயே எங்கிருந்தோ ஒரு யானை வந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழப் படத்தை ஒட்டிக்கொண்டே கூட வந்தது.