நங்கூரம் போட்ட படகும் சீரியல் விளக்கும்

கண்மாய் போட் ஹவுஸில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, எங்கள் டிரைவர் பாண்டி நின்றுகொண்டிருந்த படகில் கொண்டுபோய் மோதினான். சேதி கேட்ட எல்லாரும் குடித்திருப்பான் என்றார்கள்.

நங்கூரம் போட்டு நிற்கும் படகுக்கு விதி ரொம்பச் சுருக்கம். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை, எல்லாப் பக்கமும் தெரிகிற உயரத்தில் ஒரு வெள்ளை விளக்கு எரிய வேண்டும். விட்டுவிட்டு எரியக் கூடாது. எங்கள் பெரிய படகு கரைக்கு வர ஆழம் பத்தாது, நடுக் கண்மாயில்தான் நிற்கும். அதன் கம்பத்தில் அந்த விளக்கு தினமும் எரிந்தது.

பொங்கல் விழாவுக்கு ஓனர் அந்தப் படகு முழுக்க சீரியல் செட் கட்டச் சொன்னார். காதுகுத்தோ கடை திறப்போ, நம் ஊரில் சீரியல் இல்லாமல் ஆகாதே! அதுவும் பல்புகள் மாறி மாறி எரிந்து, வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிற வகை. வெள்ளை விளக்கு அந்தக் கூட்டத்தில் எங்கே போனதென்றே தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். விழா முடியட்டும் என்றார்.

மறுநாள் சாயங்காலம் பாண்டி ஓட்டின கடைசி சவாரியில் கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு தாயும் பிள்ளையும் இருந்தார்கள். நடுவில் இன்ஜின் மக்கர் செய்து, கிளம்புவதற்குள் இருட்டிவிட்டது. மோதப்போகிற கடைசி நொடியில் பிள்ளை இருந்த பக்கம் இடிபடாமலிருக்க, பாண்டி கையைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறான். அவர்களுக்கு ஒன்றுமில்லை. இவனுக்கு இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். பெரிய படகு வலப்பக்கம் போய்க்கொண்டிருந்ததாம், பின்பக்கமாகக் கடந்துவிடலாம் என்று திருப்பினானாம். நங்கூரம் போட்ட படகு எப்படிப் போகும்? ஓனர் கொதித்துப்போனார்.

"ஊத்திக்கிட்டு வந்து மோதிட்டு கதை விடுறான்யா. வேற டிரைவரப் பாரு."

அடுத்த நாள் சாயங்காலம் பாண்டியின் பையை வாங்கிப்போக அவன் மனைவி செல்வி ஆனையூரிலிருந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நெசத்தச் சொல்லுங்கண்ணே, குடிச்சிருந்தாரா?" என்றாள். என் கண் முன்னால் குடிக்கவில்லை என்றேன். மோதின இடத்தையாவது பார்க்க வேண்டும் என்றாள். லைஃப் ஜாக்கெட் போடவைத்து, துடுப்புப் படகில் ஏற்றிப் போனேன். பாதி தூரத்திலேயே இருட்டு கட்டிவிட்டது. விழா முடியாததால் சீரியலைப் போட்டுவிட்டார்கள்.

செல்வி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அந்தப் போட்ட யாருண்ணே ஓட்டிட்டுப் போறது?"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். படகின் உடம்பு இருட்டில் தெரியவில்லை, விளக்குகள் மட்டும் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. கரையிலிருந்து பார்த்தபோது இப்படித் தெரியவே இல்லை. அது நிற்கிற படகுதாம்மா என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கரையேறி ஓனரையும் அதே இடத்துக்குக் கூட்டிப்போனேன். அவரும் அந்த விளக்குகள் போவதைப் பார்த்தார். சீரியல் செட்டைத் தானே நின்று கழற்றவைத்தார்.

தண்ணீரில் வருகிறவனுக்காகத்தான் விளக்கு, கரையில் வேடிக்கை பார்க்கிறவனுக்கு இல்லை. என் வேலையில் நான் படித்த பெரிய பாடம் இதுதான். அது பாண்டியின் விரல்களைத் திருப்பித் தரவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். செல்வி கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னாள்: "நானும் பாத்தேன். அது போகத்தான் செய்யுது."