ஓட்டை போட்ட மீன்தொட்டி

எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்த விழுப்புரம் டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்த கையோடு, வீட்டில் ஒரு மீன்தொட்டி வைத்துத் தினமும் அரை மணி நேரம் பார்க்கச் சொன்னார். மீன் நீந்துவதைப் பார்த்தால் மனம் அடங்குமாம். அவர் வீட்டில் மீன்தொட்டி உண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும். இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

செய்தி என் மனைவி வழியாகத் திண்டிவனத்தில் இருக்கும் அவளுடைய தம்பிக்குப் போனது. மைத்துனருக்கு நாற்பது வயது. அவருக்கு எல்லாம் தெரியும். மறுநாளே போன் வந்தது.

“மாமா, இங்க பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு லாட்ஜை மூடிட்டாங்க. நாலடி மீன்தொட்டி ஒண்ணு கெடக்குது. நேர்ல பாத்துட்டுத்தான் பேசறேன்.”

“மீனெல்லாம் எப்படி இருக்குது?”

“அதை ஏன் கேக்குறீங்க, அவ்ளோ அமைதி! ஒரு மீனு ஆடலை, அசையலை. தண்ணி அவ்ளோ சுத்தம் மாமா, இருக்குறதே தெரியல.”

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற ஒருவனுக்கு இதில் ஏதாவது உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. “ஜல்தி எடுத்துக்கினு வாப்பா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் குட்டியானை வண்டி நின்றிருந்தது. அதில் காய்ச்சல்காரரைப் போலப் போர்வை போர்த்திக்கொண்டு தொட்டி படுத்திருந்தது. மீன்களை லாட்ஜ்காரரே வைத்துக்கொண்டாராம். தொட்டியின் அடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அழகுக்காக ஒட்டியது என்றார் மைத்துனர். கூடத்தில் பழைய டி.வி. ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் போட்டு, மூன்று பேருமாக ஏற்றிவைத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தோம். ஏழாவது குடத்தில் ஸ்டிக்கர் தன் அழகுப் பணியை ராஜினாமா செய்தது.

தொட்டியைக் காலி செய்யும் சிரமம் எங்களுக்கு இருக்கவில்லை. தானே காலியானது. போகிற வழியில் ஸ்டாண்டின் இழுப்பறையில் இருந்த எங்கள் கல்யாண ஆல்பத்தையும் பார்த்துவிட்டுப் போனது. என் மனைவி ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடிக்கண்ணாடியில் பெருவிரல் நுழையும் அளவுக்கு மூன்று ஓட்டைகள். உடைசல் அல்ல, டிரில் போட்டு, கச்சிதமாக, வட்டமாக. லாட்ஜ்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“ஓட்டைங்களா? ஆமாங்க, மூணு இருக்குமே. சீரியல் லைட்டு வயர் போறதுக்கு நாங்கதான் போட்டோம்.”

“அப்போ மீனுக்குத் தண்ணி?”

“ரப்பர் மீனுக்கு எதுக்கு சார் தண்ணி? நூல்ல கட்டித் தொங்க வுட்டிருந்தோம்.”

நானும் மனைவியும் மைத்துனரைப் பார்த்தோம். அவர் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

“அதான் பாத்தேன், இவ்ளோ அமைதியா இருக்குதேன்னு” என்றார்.

பரிகாரத்தையும் அவரே செய்தார். குழாய்க் கசிவுக்குப் போடுகிற புட்டிப் பசையை வாங்கிவந்து, வடைமாவு போலப் பிசைந்து, மூன்று ஓட்டைகளிலும் திணித்தார். “இனிமே இடி வுழுந்தாலும் அசையாது” என்றார். இடியெல்லாம் தேவைப்படவில்லை. மறுநாள் வாசலில் வைத்துப் பாதித் தொட்டி தண்ணீர் ஊற்றியதும், மூன்று உருண்டைகளும் முழுசாகக் கழன்று கீழே விழுந்தன.

“கண்ணாடி இவ்ளோ வழவழன்னு இருந்தா நான் இன்னா பண்றது மாமா? பேஜாரு புடிச்ச கண்ணாடி.”

கண்ணாடி வழவழவென்று இருப்பது கண்ணாடியின் குற்றம்தான் என்று ஒத்துக்கொண்டு அவரைத் திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றிவிட்டேன்.

அடுத்தது என் முறை. திண்டிவனத்தில் நான் தினமும் பஸ்ஸில் போய் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. ஓர் அம்மா நடத்துகிறார். வைர முனை வைத்த கருவியால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து, தட்டி, அப்பளம் போல உடைத்தெடுப்பார். அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன்: மூன்று சின்னக் கண்ணாடித் துண்டுகள், தொட்டிக்கு வெளியே, அடிப்பக்கம் ஒட்டுவது. பார்வைக்கும் தெரியாது.

அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்.

“வெளிய ஒட்டுனா தண்ணி அமுக்குற அமுக்குல பேத்துக்கினு வந்துடும் சார். உள்ள ஒட்டுங்க. அதே தண்ணி பீஸை அடிக்கண்ணாடியோட சேத்து அமுக்கிக்கினு இருக்கும். நீங்க இஸ்கூல்ல இன்னா பாடம் எடுக்குறீங்க?”

“தமிழ்” என்றேன்.

அவர் தொட்டிக் கண்ணாடியின் தடிமனிலேயே மூன்று சதுரங்கள் வெட்டிக் கொடுத்தார். பாத்ரூமுக்கு என்று விற்கிற சிலிக்கான் பசையில் பூஞ்சை மருந்து இருக்கும், மீன் செத்துவிடும், மீன்தொட்டிக்கு என்றே கேட்டு வாங்க வேண்டும் என்றார். ஒட்டுகிற இடத்தை பிளேடால் சுரண்டி ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். “ரெண்டு நாளைக்குத் தண்ணியே காட்டாதீங்க. அவசரப்பட்டா மறுபடி என்னைத்தான் பாக்க வரணும்.”

சிலிக்கான் பிழிகிற துப்பாக்கியை நான் அழுத்தியபோது ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினேன். ஒட்டுமொத்தமாக வந்தது. தாடியில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி சமையலறையிலிருந்து வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். ஐசிங் பிழிந்து பழகிய கை.

“நீங்க பீஸை மட்டும் ஆடாம புடிங்க. பேசாதீங்க” என்றாள்.

நான் பிடித்தேன். அவள் ஒவ்வொரு சதுரத்துக்கும் அடியில் முழுக்கப் பூசி, வைத்து அழுத்தி, காற்றுக்குமிழ் வெளியேறும்வரை என் விரலை எடுக்கவிடாமல், பிறகு சுற்றிலும் ஓரம் பிழிந்தாள். ஆல்பம் நனைந்த நாளிலிருந்து அவள் என்னோடு அத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். மூன்றாவது சதுரம் வரும்போது, “என் தம்பியை நம்பி வாங்குனீங்க பாருங்க, உங்களைச் சொல்லணும்” என்றாள். திட்டு ஆரம்பமானதில் எனக்கு மனசு லேசானது.

இரண்டு நாளும் வீடு முழுக்கச் சிலிக்கான் காய்கிற காடி நாற்றம். பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஒரு பெண் மூக்கைச் சுளித்து, “அக்கா, ஊறுகாய் போடறீங்களா?” என்று கேட்டுவிட்டு, கேக்கை இரண்டு முறை மோந்து பார்த்து எடுத்துப் போனாள்.

மூன்றாம் நாள் தொட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, தண்ணீர் நிரப்பினோம். சாயங்காலம் தாள் காய்ந்திருந்தது. அடுத்த நாளும் காய்ந்திருந்தது. உயிருள்ள, ஆடுகிற தங்கமீன்கள் ஆறு வாங்கிவந்தேன். கூழாங்கல்லைக் கொட்டப் போனபோதுதான் மனைவி என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். மூன்று சதுரங்களைச் சுற்றியும், பிறந்தநாள் கேக்குக்குப் போடுகிற அதே சங்கு சங்கான ஓர வேலைப்பாடு.

“இவ்ளோ செஞ்சிட்டு அதுமேல கல்லைக் கொட்டுவீங்களா?”

கொட்டவில்லை. தொட்டியின் ஒரு பாதியில் கல், மறு பாதியில் கேக் ஓரம் என்று ஒப்பந்தம் ஆனது. வருகிறவர்கள் எல்லோரும் அந்த டிசைன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.