அத்தானோடு மலையேறப் போனோம்

என் அக்காவின் கணவர் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். அதைக் கொழும்பில் யாரிடமும் சொல்வதில்லை. போன வருடம் லீவுக்கு அக்காவோடு பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், வெலிமடைப் பக்கம் ஒரு மலையைப் போனில் காட்டி, "இதக்கூட ஏறாம நீங்கள்லாம் இங்க இருந்து என்ன பண்றீங்க?" என்றார். எங்கள் அம்மா வாழ்நாளெல்லாம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியது அவருக்கு ஏற்றமாகப் படவில்லை போலும்.

மறுநாள் வாடகை வேனில் போனோம். அத்தான் பிடரியை மறைக்கும் தொப்பியும், உடம்பெல்லாம் பையுள்ள கால்சட்டையும் போட்டு, இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்திருந்தார். லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஐயாவுக்குக் கால்ல என்னங்க?" என்று அக்கறையாகக் கேட்டார். அத்தான் பதில் சொல்லாமல் வேகமாக நடந்தார்.

தோட்டம் முடிந்ததும் காடு. ஈரம், அட்டை, வழுக்கும் வேர்கள். அத்தான் மூச்சுவாங்கியபடியே சுத்தமான காற்றைப் பற்றிப் பாடம் நடத்தினார். மரங்கள் விலகிய ஒரு வெளியில் நின்று பையிலிருந்து ட்ரோனை எடுத்தார். எதிரே இருந்த உயரமான மரத்தில் பெரிய குளவிக்கூடு கறுப்பாகத் தொங்கியது.

"அத்தான், குளவி இருக்கு. இங்க வேணாம்."

"அது பாட்டுக்கு அது இருக்கு. இவ்வளவு பயந்தா வீட்டுலயே இருந்திருக்கலாமே?"

குளவி கொட்டி எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது அவருக்கும் தெரியும். ஆனால் கொழுந்து பறிப்பவர்களைத்தான் குளவி கொட்டும், வீடியோ எடுப்பவரைக் கொட்டாது என்று நினைத்தாரோ என்னவோ. ட்ரோன் எழும்பி, மரத்தைச் சுற்றி, கூட்டுக்குப் பக்கத்தில் கிளையில் மோதியது. காடே இரைந்தது.

"ஐயோ!" என்று ஊன்றுகோல்களை வீசிவிட்டு அத்தான் ஓடினார். அந்த ஓட்டத்தைக் காலையிலேயே காட்டியிருந்தால் நாங்கள் எப்போதோ உச்சியில் இருந்திருப்போம்.

அக்கா அசையாமல் நின்றாள். அவளைத் தரையில் இழுத்துப் போட்டு, உட்காரக் கொண்டுவந்த பொலித்தீன் விரிப்பை இரண்டு பேருக்கும் மேலே மூடினேன். என் கணுக்காலில் ஒன்று கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"அவரு எங்கடி?"

"ஓடிட்டாரு."

"என்ன விட்டுட்டா?"

விரிப்பின் ஓரத்தை இழுத்து அவள் காலுக்கடியில் செருகினேன்.

இரைச்சல் அடங்கியதும் மெல்ல ஊர்ந்து காட்டின் மறுபக்கம் போனோம். அக்கா போன் எடுத்தாள். அத்தானின் குரல் எனக்கும் கேட்டது. "வேனுக்குள்ள இருக்கேன். கண்ணாடியெல்லாம் ஏத்தியாச்சு. நீங்க பாத்து வாங்க." எங்களைக் கொட்டியதா என்று கேட்கவில்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"உச்சிக்கு இன்னும் தூரமா?"

"கொஞ்சந்தான்."

"அப்ப வா."

உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. கீழே உருளைக்கிழங்குப் பாத்திகளும் தகரக் கூரைகளும் வெயிலில் கிடந்தன. கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் இருவருமே தின்று தீர்த்தோம். அத்தானுக்கு வைக்க வேண்டாமா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இறங்கி வந்தபோது அத்தானின் ஒரு கண் மூடி, உதடு தடித்திருந்தது. வேன்காரர் நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். ஊசி போட்ட டொக்டரிடம் அத்தான், "குளவிய என் பக்கம் இழுக்கத்தான் டொக்டர் ஓடினேன். வைஃப காப்பாத்தணுமே" என்றார், அந்த உதட்டோடு.

டொக்டர் அக்காவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"தெரியலங்க டொக்டர். எனக்கு அவர் முதுகுதான் தெரிஞ்சிச்சு."

மறுநாள் கொழும்புக்குப் புறப்பட வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு அத்தான் அக்காவைக் கூப்பிட்டார். அவள் வாசலுக்கு வந்து, தான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டாள்.