முழு ஆடு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் டிவியில் ஏதோ ஒரு தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் எங்கே யார் என்ன தின்கிறார்கள் என்பதெல்லாம் ஆவடியில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே அவளுக்கு அத்துப்படி. ஒரு தாடிக்காரர், வாய் கொள்ளாத சிரிப்பு. மண்ணைத் தோண்டி, பழுக்கக் காய்ச்சிய கற்களுக்கு நடுவே புதைத்து வைத்த முழுப் பன்றியை நாலு பேர் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். குழியிலிருந்து குப்பென்று ஆவி எழும்பியது. அவ்வளவுதான், எனக்கு முடி பொசுங்கும் வாடை அடித்துவிட்டது. கீழ்வரிசையில் பல் இல்லாத இடத்தை நாக்கு தானாகப் போய்த் தடவியது.

"அத மாத்தும்மா" என்றேன்.

"இருப்பா, இப்பதான் ஓப்பன் பண்றாங்க."

"மாத்துன்னா மாத்து!"

கத்திவிட்டேன். ரிமோட்டைப் பிடுங்கிய வேகத்தில் பேட்டரி கழன்று சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. தாடிக்காரர் பாட்டுக்குப் பன்றியின் காதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எவனோ எங்கயோ சாப்புட்டா உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். உங்களிடம் சொல்கிறேன்.

இந்தச் சாப்பாட்டுப் பயண நிகழ்ச்சிகளை எல்லாரும் ஏதோ சாந்தமான சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கத்தி, கழுத்து, உரித்த தோல், சட்டியில் போட்ட பிறகும் துள்ளுகிற நண்டு. அதற்கு மேலே கொஞ்சம் புல்லாங்குழலை ஓடவிட்டு, ஒருவன் கண்ணை மூடி "ஆஹா, அற்புதம்" என்று சொல்லிவிட்டால் நமக்கு நாக்கில் எச்சில் ஊறிவிடுகிறது. சத்தம் இல்லாமல் பார்க்கும் இந்தப் பழக்கம் பக்கத்தில் அண்ணனூரில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு வந்தது. கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் எல்லாச் சேனலும் ஊமையாகத்தான் ஓடும்.

அந்தக் கண்ட்ரோல் ரூம், ஒரு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. உள்ளே ஏறினால் எலி மூத்திரமும் சூடான ஒயரும் கலந்த வாடை. வெளியே வானத்தைப் பார்த்தபடி பெரிய பெரிய டிஷ்கள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் வேலை தேடி வந்தவன் நான். கம்பெனிகள் என்னை வேண்டாம் என்று சொன்னதால் அங்கே லைன்மேன் ஆனேன். கம்பம் ஏறுவது, ஒயர் இழுப்பது, வெட்டுப்பட்ட ஒயரை ஒட்டுவது, இதுதான் வேலை. பெரும்பாலும் ஒட்டுவதுதான்.

வெட்டுகிறவன் வேறு யாருமில்லை, முதலாளியின் கூடப் பிறந்த தம்பி. முதலாளி தனபால் அண்ணன், தம்பி குணா. அந்த ஊரிலேயே பயிர் வைத்து வாழ்ந்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட் ஆனதும் இரண்டு பேரும் சேர்ந்து கேபிள் ஆரம்பித்தார்கள். எந்தத் தெரு யாருக்கு என்பதில் முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். பள்ளிக்கூடத் தெருதான் எல்லை. அங்கே ஒரே கம்பத்தில் அண்ணன் ஒயரும் தம்பி ஒயரும் உரசிக்கொண்டு போகும். சாயங்காலம் சீரியல் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து எங்கள் பக்கம் படம் போய்விடும். வெட்டுக்கத்தியால் சாய்வாக ஒரே போடு, அதுதான் குணா கை. பதிலுக்கு நாங்கள் அவருடைய ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக் கிணற்றில் போடுவோம். அவர்கள் எங்கள் ஆள் ஒருவனை ஏணியோடு சேர்த்துத் தள்ளி இடுப்பை உடைத்தார்கள். நாங்கள் அவர்களில் ஒருவனைச் சைக்கிள் செயினால் விளாசினோம். நாங்கள் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, நான் அப்போது கம்பத்தின் மேல்தான் இருப்பேன். சண்டை முடிகிறவரை இறங்கமாட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதையே வேறு. அந்தக் குடும்பத்தில் பங்குக் கறி உண்டு. ஒரு ஆட்டைப் பிடித்து வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தில் தொங்கவிட்டு உரித்து, வாழையிலையில் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு வந்தாக வேண்டும். பங்காளிகள் எல்லோருக்கும் இட்லி வேகும் நேரத்துக்குள் பங்கு போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் மண்டையை உடைத்துக்கொண்ட தம்பிக்கும் ஒரு கூறு உண்டு. அதைத் தூக்குவாளியில் போட்டு மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

குணா மூடியைத் திறந்து கிளறிப் பார்ப்பார். "ஈரலு எங்கடா? முழுங்கிட்டானா உங்க மொதலாளி?" என்று என்னைத் திட்டுவார். பிறகு மெல்ல, "இன்னா பண்றான்?" என்பார். தூக்கு காலியாகத் திரும்பக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மற்ற பங்காளிகள் முருங்கைக்காயோ பச்சை மிளகாயோ போட்டு அனுப்புவார்கள். குணா, அந்த வாரம் எங்கள் லைனிலிருந்து வெட்டியெடுத்த ஒயர்த் துண்டுகளைப் போட்டு அனுப்புவார். தனபால் அண்ணன் அதைத் தரையில் கொட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார். "திமிரு பாரு நாய்க்கு!" அவர்களுக்குள் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தூக்குவாளி ஒன்றுதான் போய்வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் மூக்குச் சிவப்பன் வந்தான். ஒரு வெளிநாட்டுச் சேனலில், நாடு நாடாகப் போய்த் தின்கிறவன். வெயிலில் மூக்கு மட்டும் தக்காளி மாதிரி சிவந்திருக்கும், அதனால் நாங்கள் வைத்த பேர். தமிழில் டப்பிங் பேசுவான். அவன் வந்தால் மட்டும் அண்ணன் சத்தம் வைக்கச் சொல்வார். ஒரு நாள் அவன் ஏதோ பாலைவனத்தில் இருந்தான். ஒரு ஆட்டை வெட்டாமல் முழுசாகக் குழியில் புதைத்து, சாயங்காலம் எடுத்து, பெரிய தாம்பாளத்தில் வைத்தார்கள். பரம்பரைப் பகையாளிகளான இரண்டு கூட்டம் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் கை வைத்தது. அத்தோடு பகை முடிந்தது என்று மூக்குச் சிவப்பன் விரலை நக்கிக்கொண்டே சொன்னான்.

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பாத்தியாடா? பங்கே இல்ல. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் இவன், ஒரே தட்டு. சண்ட பூட்ச்சி."

"ஆமாண்ணே."

"வர ஞாயித்துக்கெயம நாமளும் போடுறோம். நம்ம லோக்கல் சேனல்ல காட்டுறோம். பள்ளத்தத் தொறக்க சொல்லோ நானே நேரா அவன் ஊட்டுக்குப் போயி குணாவ இட்டுகினு வரேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருடைய மனைவி சரளா அண்ணிக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா வேணா பண்ணிக்கோ. உன் தம்பிக்கு ஒரு தொடக் கறி மட்டும் எடுத்துக் குடுத்துடு. காத்துனு இருப்பாரு."

"தொடைய எடுத்துட்டா அது முழு ஆடாடீ? அவன் வந்து ஒக்காந்து துன்னப் போறான். அதுக்கு முன்னாடி எதுக்குப் பங்கு?"

"அப்ப இப்பவே போய்ச் சொல்லிட்டு வா."

"தொறக்க சொல்லோ போனாதான் கெத்து. நீ உள்ள போ."

ஆட்டை அறுத்து, தோலோடு தீயில் வாட்டினார்கள். முடி பொசுங்கும் வாடை தெரு முழுக்கப் போனது. வேப்பமரத்தடியில் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, ஆட்டை இறக்கி, ஈரச் சாக்கு போட்டு மூடினோம். அதற்கு மேல் மூடியாக, துருப்பிடித்துக் கிடந்த பழைய டிஷ்ஷைக் கவிழ்த்தோம். சுற்றி மண். என் தோளில் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற வீடியோ கேமரா. மூக்குச் சிவப்பன் மாதிரியே தலையில் தொப்பி வைத்துக்கொண்டு அண்ணன் அதன் முன்னால் நின்றார். சிரிக்காதீர்கள், எனக்கு அன்றைக்கு அதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

இட்லி நேரம் போயிற்று. வெயில் ஏறியது. வாடை மட்டும் போய்ச் சேர்ந்த வீட்டில், பங்கு வராமல் உட்கார்ந்திருந்த மனிதனைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவில்லை, அண்ணியைத் தவிர.

உச்சி வெயிலில் குணா வந்தார். கூடவே அவருடைய ஆட்கள் இரண்டு பேர். கையில் அதே வெட்டுக்கத்தி. குழியைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். வழக்கமாகக் கூறு போடும் இடத்தில் வாழையிலை இல்லாததைப் பார்த்தார்.

"என் பங்கு எங்க?"

பேச்சு நின்ற பிறகு அண்ணனிடம் அவர் நேராகக் கேட்ட முதல் வார்த்தை அது. தம்பி தானாகவே வந்துவிட்டானே என்று அண்ணன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கேமரா வேறு ஓடுகிறது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மூக்குச் சிவப்பன் தோரணையில் கையை விரித்து, "இன்னிக்குப் பங்கு கெடயாது!" என்றார். மிச்சத்தைச் சொல்வதற்கு முன் குணா பாய்ந்துவிட்டார்.

"பங்கு கெடயாதா? நான் பொறக்கவே இல்லியாடா உன்கூட? என் பங்க நானே எடுத்துக்குறேன்டா!"

டிஷ்ஷை எட்டி உதைத்தார். சாக்கு விலகி ஆவி முகத்தில் அடித்தது. குனிந்து, குழிக்குள்ளேயே ஆட்டின் மேல் வெட்டுக்கத்தியை இறக்கினார். ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. வெளியே வெந்து உள்ளே வேகாத ஆடு. ரத்தமும் நிணமும் கல்லில் பட்டுச் சீறின. "முழுசுடா! வெட்டாதடா! உனக்குத்தான்டா!" என்று அண்ணன் அலறிக்கொண்டே பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். குணா முழங்கையால் அண்ணன் வாயில் இடித்தார். எங்கள் ஆட்கள் கடப்பாறையோடு ஓடிவந்தார்கள். நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுப்பதற்குள் குணாவின் ஆள் ஒருவன் கேமராவோடு சேர்த்து என் முகத்தில் குத்தினான். கம்பத்தில் இல்லாமல் தரையில் இருந்த ஒரே சண்டையில் என் பல் போனது.

மண்ணில் விழுந்து கிடந்தபடிதான் அதைப் பார்த்தேன். இழுபறியில் குழியின் விளிம்பு சரிந்தது. குணா முழங்கை வரைக்கும் வலது கையைப் பழுத்த கற்களுக்குள் ஊன்றினார். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி தனபால் அண்ணன் தன் இரண்டு கையையும் குழிக்குள் விட்டு, தம்பியின் கைமேல் கிடந்த கல்லைப் பிடித்து வெளியே வீசினார். வெறுங்கையால். காலையில் தெரு முழுக்கப் போன அதே வாடை மறுபடியும் எழுந்தது. இந்தத் தடவை ஆடு இல்லை.

இருவரையும் ஒரே ஆட்டோவில்தான் ஏற்றினோம். வழியெல்லாம் அண்ணன், "உனக்குத்தான்டா முழுசும், உன்ன இட்டுகினு வரத்தான்டா இருந்தேன்" என்று அழுதுகொண்டே வந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது தெருநாய்கள் குழிக்குள் இறங்கி ஆட்டைக் கிழித்துக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கட்டுப் பிரிக்காத கைகளோடு அண்ணன் மறுபடி ஆடு பிடிக்கச் சொன்னார். கூறு போட்டு, தம்பியின் கூறில் ஈரலை அள்ளி வைத்தார். நான் தூக்குவாளியோடு போனேன். குணாவின் மனைவி கேட்டைத் திறக்காமலே பேசினார்: "அவரு கறி துன்றத உட்டுட்டாரு. அப்டியே எடுத்துகினு போ."

ஒயர் வெட்டும் அத்தோடு நின்றுபோனது. சீரியல் நேரத்தில் படம் ஆடாமல் அசையாமல் வந்தது. ஜனங்களுக்குச் சந்தோஷம். அண்ணன்தான் சாயங்காலமானால் கண்ட்ரோல் ரூம் வாசலில் நின்று போன் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். படம் வரலை என்று ஒருத்தராவது கூப்பிடமாட்டார்களா என்று அந்த மனிதர் ஏங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வரும். பங்கை அனுப்பித் தொலைத்திருந்தால் என்ன ஐயா என்று சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றும்.

அப்படியிருக்க ஒரு நாள் சாயங்காலம், சீரியல் நேரத்தில், படம் போனது. போன்கள் அலறின. பள்ளிக்கூடத் தெருக் கம்பத்தில் எங்கள் ஏணி எனக்கு முன்பே சாத்தியிருந்தது. ஏறிப் பார்த்தேன். ஒயர் இரண்டாகத் தொங்கியது. சாய்வான வெட்டு இல்லை. கட்டிங் பிளேயரால் கடித்தது, அதுவும் ஒரே கடியில் இல்லை. இறுக்கிப் பிடிக்க முடியாத கை, விட்டு விட்டுப் பலமுறை கடித்து அறுத்திருந்தது. செம்புக் கம்பி மென்று துப்பியது போல் நசுங்கியிருந்தது.

கீழே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வெந்து சுருங்கிய உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். பல நாளாகக் காணாத சிரிப்பு முகத்தில்.

"இன்னாடா? அவன்தான?"

"ஆமாண்ணே. அவரு கத்திதான்."

"பாத்தியா! உட மாட்டேங்குறான் பாரு பொறம்போக்கு!"

தெருவே கேட்கும்படி தம்பியைத் திட்டிக்கொண்டே நடந்து போனார். நான் கம்பத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒயரை ஒட்டினேன்.

இப்போது அந்த வேப்பமரம் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. ஆட்டுக்கறி டப்பாவில் அடைத்து, யார் கையும் படாமல், போனில் சொன்னால் வாசலுக்கு வருகிறது. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். குணா கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிகிறார். டிஷ் போய், கண்ட்ரோல் ரூம் போய், எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய கம்பெனி இரண்டு பேர் ஏரியாவையும் ஒன்றாக்கி மண்ணுக்கடியில் லைன் இழுத்துவிட்டது. பள்ளிக்கூடத் தெருவில் கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. வெட்டிக்கொள்ள அவற்றில் ஒரு ஒயர்கூட இல்லை.